இரண்டாம் நம்பரை நிறுத்தியவள்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், கொதிகலன் அறைக்கும் பிணவறைக்கும் நடுவே நீளமாக ஓர் அறை இருக்கிறது. அதில் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவளை மேல்மாடியில் எல்லோரும் 'ஆவியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பிணவறைக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு இப்படி ஒரு பெயரா என்று புதிதாக வரும் நர்சுகளுக்கு முதலில் கொஞ்சம் கிலி பிடிக்கும். "பயப்படாதீங்கம்மா. நான் அந்த ஆவி இல்ல, கொதிக்கிற ஆவி" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வலது முழங்கையில் உள்ள பழைய சூட்டுத் தழும்பைச் சாட்சிக்குக் காட்டுவாள்.

அவளுடைய வேலை கத்தி கத்தரிகளை வேக வைப்பது. ஆபரேஷன் தியேட்டரில் இருந்து ரத்தமும் சீழுமாக ஒரு ஜன்னல் வழியே சாமான்கள் இறங்கி வரும். ஊறவைத்து, பல் பல்லாகப் பிரஷ் போட்டு, காற்றடித்து உலர்த்தி, ஒவ்வொரு கத்தரியையும் வெளிச்சத்தில் பிடித்து மூடித் திறந்து பார்த்து, தட்டில் வரிசையாக அடுக்குவாள். இரண்டு துணியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, பொட்டலத்தின் வாயில் கோடு போட்ட டேப்பை ஒட்டி, அதன்மேல் தேதியையும் மிஷின் நம்பரையும் எழுதுவாள். பிறகு மிஷினுக்குள் பொட்டலங்களைப் படுக்க வைக்காமல் நிற்க வைப்பாள். படுக்க வைத்தால் ஆவி இடுக்குகளில் புகாது. கதவை இறுக்கித் திருகினால் உள்ளே ஆவி ஏறும். வெந்து உலர்ந்த பொட்டலம் மறுபக்கத்து ஜன்னல் வழியே மேலே போகும். மிஷின் இரண்டு. ஒன்றாம் நம்பர் சிறியது, கிழடு. இரண்டாம் நம்பர் பெரியது, மினுக்கானது, மூன்று வருடத்துக்கு முன்னால் ரிப்பன் வெட்டித் திறந்தது.

இருபத்தெட்டு வயதில் வார்டு கூட்டுகிற வேலைக்குத்தான் அவள் வந்தாள். கீழே ஆள் குறைகிறது என்று ஒருநாள் இறக்கிவிட்டார்கள். அப்போது சாமான்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. கொக்குமூக்கு, வாத்துவாய், நண்டுக்கால் என்று தானே பெயர் வைத்து, இருநூறுக்கு மேற்பட்ட சாமான்களை மூன்று மாதத்தில் மனசில் ஏற்றிக்கொண்டாள். டாக்டர்கள் சொல்லும் பெயர்கள் அப்புறம் வந்தன. இன்றைக்கும் அவசரத்தில் "நண்டுக்கால் ரெண்டு குறையுது" என்றுதான் போனில் கத்துவாள். தியேட்டர் நர்சுகளும் அந்தப் பெயர்களுக்குப் பழகிவிட்டார்கள்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் மூன்று பேர். புருஷன் தெருமுனையில் பூட்டு ரிப்பேர் செய்து சாவி அடித்துக் கொடுப்பவர். நாத்தனார் டுடோரியலில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவள். கட்டியவன் சரியில்லை என்று ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அண்ணியும் நாத்தனாரும் நகமும் சதையுமாக இருப்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் பலருக்கு வயிற்றெரிச்சல். அவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால் போர்வை, துண்டு, புருஷனின் கைக்குட்டை எல்லாமே நான்கு மூலை மடித்து நுனி செருகிய பொட்டலங்களாக இருக்கும். "டேப்பு மட்டும்தான் ஒட்டல" என்பார் புருஷன்.

அந்த டேப்பைப் பற்றி ஒரு விஷயம் உண்டு. வெளிறிய கோடுகள் சூடு பட்டால் கறுத்துவிடும். மேலே இருப்பவர்களுக்குக் கோடு கறுத்திருந்தால் போதும், கிருமி செத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்கள். கோடு கறுத்தால் பொட்டலத்துக்கு வெளியே சூடு பட்டது என்று மட்டும்தான் அர்த்தம் என்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியும். உள்ளே செத்ததா என்று பார்க்க வேறு ஒரு சோதனை இருக்கிறது. சுண்டுவிரல் அளவு குப்பி. அதில் லேசில் சாகாத ஜாதிக் கிருமி. ஆளுக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் பிடிவாதக்காரக் கிருமி. வாரம் ஒருமுறை ஒரு குப்பியைப் பொட்டலத்தின் நடுவில் வைத்து வேக வைக்க வேண்டும். இன்னொரு குப்பியை வேக வைக்காமல் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் சூட்டுப்பெட்டியில் இரண்டு நாள் வைத்தால், வெந்தது ஊதா நிறமாகவே இருக்கும். வேகாதது மஞ்சளாகிவிடும். மஞ்சள் என்றால் உள்ளே உயிர் இருக்கிறது. வேகாத குப்பி எதற்கு என்றால், கிருமி முதலில் உயிரோடுதான் இருந்தது என்று தெரிய வேண்டுமே, அதற்கு.

இந்தச் சோதனையை ஆவியக்காதான் செய்துகொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பு புது சூப்பர்வைசர் வந்ததும், "இது படிச்சவங்க செய்யற வேலைம்மா" என்று சூட்டுப்பெட்டியையும் பதிவேட்டையும் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஸ்டோரில் இருந்து பதவி உயர்ந்து வந்தவர் அவர். அறைக்குள் நுழையும் முன்பே அவருடைய சென்ட் நுழையும்.

ஒருநாள் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற நர்சு ஜன்னல் அருகே வந்து நின்றாள்.

"அக்கா, ரெண்டாவது மாடியில அஞ்சு பேருக்குத் தையல் பிரிஞ்சு சீழ் கட்டியிருக்கு. எல்லாம் ஒரே வாரம்."

"வார்டுல அழுக்கா?"

"வார்டை நாந்தான் கூடவே நின்னு தேய்க்க வைக்கிறேன். என்னைக் கேக்கறீங்களா?"

"கோவிச்சுக்காதடி. பொட்டலத்து டேப்பு கிடைக்குமா பாரு."

நர்சு குப்பைத் தொட்டியில் தேடி மூன்று டேப்புத் துண்டுகளைக் கொண்டுவந்தாள். மூன்றிலும் ஆவியக்காவின் கையெழுத்து. மூன்றிலும் மிஷின் நம்பர் இரண்டு.

அந்த வாரம் சூப்பர்வைசர் ஐந்து நாள் லீவில் போயிருந்தார். அறையைச் சுத்தம் செய்யச் சாவி அவளிடம் இருந்தது. அலமாரி மூலையில் குப்பிப் பெட்டி கிடந்தது. தேதி இன்னும் தாண்டவில்லை, ஆனால் ஒட்டுக் கிழியவே இல்லை. அதைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. பெட்டியைத் திறந்து ஒன்றாம் நம்பருக்கு ஒரு குப்பி, இரண்டாம் நம்பருக்கு ஒரு குப்பி, வேகாமல் ஒரு குப்பி என்று வைத்தாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒன்றாம் நம்பர் ஊதா. வேகாதது மஞ்சள். இரண்டாம் நம்பரும் மஞ்சள், பளிச்சென்று எலுமிச்சம்பழம் மாதிரி. கண்ணையே நம்பாமல் மறுபடியும் வைத்தாள். மறுபடியும் எலுமிச்சம்பழம்.

செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் திரும்பி வந்ததும் அவர் மேஜைமேல் குப்பிகளை வரிசையாக வைத்தாள்.

"சார், ரெண்டாம் நம்பர் வேகல."

"எது வேகல?"

"மிஷின் சார். குப்பி மஞ்சளா வந்திருக்கு. ரெண்டு தடவை."

"என் ரூம் பொட்டிய யாரு உங்களைத் தொடச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அதான் நானே தொட்டேன்."

"குப்பி பழசாயிருக்கும். தூக்கிப் போடுங்க."

"பழசா இருந்தா உள்ள இருக்கறது செத்துப் போயிருக்கும் சார். இது ஜம்முனு உயிரோட இருக்கு."

சூப்பர்வைசர் குரலை இறக்கினார். உட்காரச் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை, அதனால் அவளுக்கு உஷாராகிவிட்டது. பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். இரண்டு வருடத்துப் பக்கங்கள், வாரத்துக்கு ஒரு வரி, ஒரே பேனா, ஒரே மை. சோதித்தவர் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"அந்த அஞ்சு பேரு சீழ் விஷயமா வியாழக்கிழமை விசாரணைக் குழு வருது. நீங்க நாலு பேரும் மாத்தி மாத்திக் கையெழுத்துப் போட்டுடுங்க. மத்த மூணு பேரும் போடறேன்னுட்டாங்க. மிஷினை அடுத்த மாசம் சத்தமில்லாம ரிப்பேர் பண்ணிடலாம்."

ஆவியக்கா பக்கங்களைப் புரட்டினாள். வெந்த குப்பி: ஊதா. வேகாத குப்பி: ஊதா. அடுத்த வரியிலும் ஊதா, ஊதா. கடைசிப் பக்கம் வரைக்கும் ஊதா, ஊதா. சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வேகாத குப்பி மஞ்சளாக வேண்டும் என்பதே இந்த மனுஷனுக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை கையால் செய்திருந்தால் தெரிந்திருக்கும். சிரிப்பை விழுங்கிவிட்டு எழுந்தாள்.

"நான் செய்யாத சோதனைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"என்னம்மா, விசில்புளோயர் ஆகலாம்னு பாக்கறீங்களா? பேப்பர்ல போட்டோ வரும்னு ஆசையா? அவங்க கதியெல்லாம் என்னாச்சுன்னு தெரியுமா?"

அந்த வார்த்தை அவளுக்குப் புரியவில்லை. திட்டு என்று மட்டும் புரிந்தது. இங்கிலீஷில் திட்டினால் வீட்டில்தான் ஆள் இருக்கிறதே என்று பஸ்ஸில் வழி முழுக்க அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லி, சிந்தாமல் வீடு கொண்டுவந்து சேர்த்தாள்.

கையெழுத்து விவகாரத்தைச் சொல்லி முடித்ததும் புருஷன்தான் முதலில் வாயைத் திறந்தார். "விசிலுன்னா தியேட்டர்ல அடிக்கிறது. நீயும் தியேட்டருக்குத்தானே சாமான் அனுப்புற? சரியாத்தான் சொல்லியிருக்கான்."

"நீ கொஞ்சம் சும்மா இரு அண்ணா" என்றாள் நாத்தனார். வகுப்பில் நிற்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். "அண்ணி, விசில் அடிக்கிறதுன்னா தப்பு நடக்குதுன்னு வெளிய சொல்றது. எங்கேருந்து வந்துச்சுன்னா ரெண்டு கதை இருக்கு. எது மூலம்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஒண்ணு போலீஸ்காரன் கதை. நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி இங்கிலீஷ்காரன் ஊர்ல போலீஸ்காரன் கையில கிலுகிலுப்பை மாதிரி ஒரு மரச்சாமான் குடுத்திருந்தாங்க."

"கிலுகிலுப்பையா? திருடனைத் தூங்க வைக்கவா?"

"அதுக்குத்தான் அப்புறம் அதைப் புடுங்கிட்டு விசில் குடுத்தாங்க. தனியா ரோந்து போறவன் தப்பைப் பாத்தா விசில் அடிப்பான். பக்கத்துத் தெரு போலீஸ்காரன் ஓடி வருவான். ஜனங்களும் உஷாராயிடுவாங்க. இன்னொண்ணு பந்தாட்டக் கதை. நடுவர் முதல்ல கைக்குட்டையை ஆட்டிட்டு இருந்தாராம். ஓடறவன் எவன் கைக்குட்டையைப் பாக்கறான்? விசில் வந்துச்சு. அடிச்சா ஆட்டம் நிக்கணும். அவ்ளோதான்."

"அப்போ நல்ல வார்த்தைதானே? அவர் ஏன் திட்டற மாதிரி சொன்னாரு?"

"அந்த ஊர்லயே ரொம்ப நாள் அது கெட்ட பேருதான். கோள்சொல்லிங்கற மாதிரி. ஒரு அம்பது வருஷமாத்தான், சில பேரு வேணும்னே போராடி, அதை நல்ல வார்த்தையாத் திருப்பினாங்க."

"நம்ம பாஷையில யாரும் திருப்பலையா?"

நாத்தனார் யோசித்தாள். "குட்டு வெளிப்பட்டுச்சுங்கறோம். சாயம் வெளுத்துச்சுங்கறோம். வண்டவாளம் தண்டவாளத்துல ஏறிச்சுங்கறோம். எல்லாம் அதுஅதுவா நடந்த மாதிரி. ஏத்தினது யாருன்னு கேட்டா போட்டுக்குடுத்தவ, காட்டிக்குடுத்தவ. நமக்கு அந்த ஆளுக்குப் பேரு இல்ல அண்ணி, திட்டுதான் இருக்கு."

ஆவியக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். "போலீஸ்காரன் அடிச்சா நாலு பேரு ஓடி வருவான்னு சொன்னியே. நான் அடிச்சா யாரு வருவா?"

"உண்மையச் சொல்லவா? யாரும் வரமாட்டாங்க."

"கூட நிக்கிற மூணு பேருமே கையெழுத்துப் போடறேன்னுட்டாளுங்க. அப்ப எனக்கு அந்தக் கதை ஆகாது. பந்தாட்டக் கதைதான்." எழுந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். "வியாழக்கிழமை குழு வருது. நாளைக்குப் புதன். புதன்கிழமை மூணு ஆபரேஷன். வியாழக்கிழமை வரைக்கும் அறுக்காம இருப்பாங்களா? மேல அலமாரி பூரா ரெண்டாம் நம்பர் பொட்டலம்."

"வேலை போயிட்டா?" என்றார் புருஷன். இந்த முறை கிண்டல் இல்லை.

"போனா உங்க கடையில உக்காந்து சாவிக்கு அரம் போடறேன்."

"நீ உக்காந்தா வர்ற கஸ்டமரும் பூட்டைக் குடுத்துட்டு ஓடிடுவான்" என்றார் அவர். ஆனால் காலையில் அவள் கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்துவந்தார். அவர் அப்படி வருகிற ஆள் இல்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஆவியக்கா முதலில் இரண்டாம் நம்பரின் ஆவிக் குழாயை இறுக்கி மூடினாள். கதவில் ஒரு முழ நீள டேப்பைக் குறுக்கே ஒட்டி, 'வேகவில்லை, தொடாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். பிறகு காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டில் ஏறினாள். தியேட்டர் அலமாரியில் இருந்து இரண்டு என்று எழுதிய பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து வண்டியில் போட்டாள். நாற்பத்தொரு பொட்டலம். எல்லாம் அவள் கையால் மடித்தவை.

பெரிய டாக்டரம்மா முகமூடியோடு வெளியே வந்தார். "என்ன நடக்குது இங்க? முதல் கேஸ் மேஜையில படுத்தாச்சு!"

"எழுப்புங்கம்மா."

"என்னது?"

"இந்தச் சாமான்ல அறுக்க வேணாம். இதெல்லாம் வேகல. பாருங்க." மஞ்சள் குப்பியை எடுத்து டாக்டரம்மாவின் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"கோடு கறுத்திருக்கே!"

"கோடு சட்டி சுட்டா கறுக்கும். உள்ள இருக்கறது வெந்துச்சான்னு கோட்டுக்குத் தெரியாதும்மா. ரெண்டாவது மாடியில அஞ்சு பேரு சீழோட கிடக்கறாங்க, அவங்க பொட்டலத்துக் கோடும் கறுத்துதான் இருந்துச்சு."

டாக்டரம்மா குப்பியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்கு லிஸ்ட்டை நிறுத்த உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தா?"

"யாரும் குடுக்கல. ஒண்ணாம் நம்பர்ல போட்டு மதியத்துக்குள்ள தரேன். அதுக்கு முன்னாடி தர மாட்டேன். வண்டிய விடவும் மாட்டேன்."

அவள் கை வண்டியின் கம்பியை இறுகப் பிடித்திருந்தது. டாக்டரம்மா வழிவிடவில்லை. ஆனால் வண்டி நகர்ந்தபோது ஒதுங்கிக்கொண்டார்.

கீழே, பதினோரு வருடமாக ஒரே மேஜையில் எதிரெதிரே நின்று துணி மடித்த கூட்டாளி அவளை முறைத்தாள். "காட்டிக்குடுத்துட்ட இல்ல? உனக்கென்ன, பொண்ணைக் கட்டிக்குடுத்தாச்சு. என் வீட்டுல நாலு வாய் இருக்கு."

"இருக்கட்டும். அந்த மூலையப் பிடி."

கூட்டாளி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு துணியின் மூலையைப் பிடித்தாள். மதியம் வரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் பொட்டலங்களைப் பிரித்து, கழுவி, மடித்து, சின்ன மிஷினில் தவணை தவணையாக வேக வைத்தார்கள். சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து கத்திவிட்டுப் போனார். இரண்டு தடவையும் ஆவியக்கா கதவைத் திருகிக்கொண்டிருந்தாள், காதில் விழாதது போல. ஒரு மணிக்கு முதல் பொட்டலம் மேலே போனது. மூன்று ஆபரேஷனும் அன்றைக்கே நடந்தது, தாமதமாக.

வியாழக்கிழமை விசாரணைக் குழுவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டாளி, தனக்கு ஒன்றும் தெரியாது, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டேன் என்றாள். சூப்பர்வைசர் பதிவேட்டை இரண்டு கையாலும் நீட்டி, இரண்டு வருடத்தில் ஒரு தோல்விகூட இல்லை, இந்த அம்மாவுக்கு என்மேல் பழைய பகை என்றார்.

ஆவியக்காவின் முறை வந்தது. "சார், அந்த நோட்டுல வேகாத குப்பின்னு ஒரு கட்டம் இருக்கும். அதைக் கொஞ்சம் சத்தமா படிங்க."

குழுவில் இருந்த கிருமி ஆய்வு டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "ஊதா. ஊதா. ஊதா." நான்காவது வரியில் நிறுத்தினார். பக்கத்தைத் திருப்பினார். பிறகு வேக வேகமாகத் திருப்பினார்.

"வேகாத குப்பி எப்படிய்யா ஊதாவா இருக்கும்?"

"எழுத்துப் பிழை சார்" என்றார் சூப்பர்வைசர்.

"நூத்திநாலு வாரமும் பிழையா?"

சூப்பர்வைசரின் சென்ட் வாசனைகூட அன்றைக்கு ஒருமாதிரி வியர்வையோடு கலந்து வந்தது.

இரண்டாம் நம்பருக்குச் சீல் வைத்தார்கள். சூப்பர்வைசரை வேறு கிளையின் ஸ்டோருக்கு மாற்றினார்கள். அது தண்டனையா, வசதியா என்று கொதிகலன் அறை ஆட்கள் இன்னும் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறார்கள். சீழ் கட்டிய ஐந்து பேரில் நான்கு பேர் குணமாகி வீட்டுக்குப் போனார்கள், ஒருவர் இன்னும் படுக்கையில்தான். அவர்கள் யாருக்கும் ஆவியக்கா என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. பெரிய டாக்டரம்மா நன்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இப்போதெல்லாம் முதல் கேஸுக்கு முன்னால் கீழே போன் செய்து, "குப்பி என்ன கலர்?" என்று கேட்கிறார்.

அடுத்த வாரம் ஆவியக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் தியேட்டர் சாமான்களை எடுத்தது, மூன்று ஆபரேஷன்களைத் தாமதப்படுத்தியது, இரண்டும் ஒழுங்கீனம். மூன்று நாளுக்குள் எழுத்தில் வருத்தம் தெரிவித்தால் அதே இடத்தில் தொடரலாம். இல்லாவிட்டால் சலவைக் கூடத்துக்கு மாற்றம்.

நாத்தனார் கடிதத்தை வாசித்துவிட்டுக் கொதித்தாள். நான் இங்கிலீஷில் நாலு பக்கம் எழுதிக் கிழிக்கிறேன் என்றாள். "வேணாம், என் கையெழுத்துலயே இருக்கட்டும்" என்றாள் ஆவியக்கா. பத்தொன்பது வருடமாக டேப்பில் எழுதிப் பழகிய குட்டிக் குட்டி எழுத்தில் ஒரு தாளில் எழுதி, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு மூன்றாம் நாள் அலுவலகத்துக்குப் போனாள்.

குமாஸ்தா வாங்கிப் படித்தார். தாளைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் முன்பக்கம் பார்த்தார். அதில் ஒரே வரிதான் இருந்தது: 'நாற்பத்தொரு பொட்டலங்களை நான்தான் எடுத்தேன், வேகாவிட்டால் மறுபடியும் எடுப்பேன்.'

"இதுல வருத்தம் எங்கக்கா இருக்கு?"

"இருந்தாத்தானே எழுதறதுக்கு. அந்தப் பிரதியில முத்திரை குத்திக் குடுங்க."

"யோசிச்சுக்கோங்க. இப்படியே உள்ள அனுப்பினா சலவைக்குத்தான் போவீங்க."

"அங்க மிஷின் எத்தனை?"

"அஞ்சு."

"நல்லதாப் போச்சு" என்றாள் ஆவியக்கா. "அஞ்சையும் ஒரு கை பாத்துடறேன். முதல்ல முத்திரையக் குத்துங்க, எனக்கு ஒரு மணிப் பொட்டலம் மேல போகணும்."